துண்டு போட்டு மூடிய வாளி

தம்பி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வாளி இடிக்கும். இல்லை இல்லை, சிந்தாது. சிந்துவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. கண்டக்டரிடம் மகாமகக் குளத்துத் தீர்த்தம் என்று சொல்லியிருக்கிறேன், நீங்கள் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள். ஏறும்போதே அவர், "பெரியவரே, வாளியெல்லாம் ஏத்தாதீங்க, சிந்தினா யாரு தொடைக்கிறது?" என்றார். தீர்த்தம் என்றேன். செருப்பைக் கழற்றாத குறையாக வழிவிட்டு, கம்பியோரம் இடமும் பிடித்துக் கொடுத்தார். நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். உண்மை தொண்டையில் செருமிக்கொண்டிருக்கும்போதே பொய் முந்திக்கொண்டு வாசலுக்கு வந்து வணக்கம் சொல்லிவிடும்.

நீங்கள் மாயவரமா? நல்லது. நான் ஆடுதுறையில் இறங்க வேண்டும். மருமகளைப் பார்க்கப் போகிறேன்.

என் பெயர் வைத்திலிங்கம். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் வந்து அந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மேனேஜர் வீடு என்று கேட்க வேண்டும். சினிமா தியேட்டரில் மேனேஜராக இருந்தேன். மேனேஜர் என்றால், படம் போட்ட பிறகு வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து சீட்டைக் காட்டுவது. அதுவும் ஒரு வகையில் மேனேஜர் வேலைதானே? நான் வெளிச்சம் காட்டாவிட்டால் எத்தனை பெரிய மனிதரானாலும் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

தெருவில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. சாயங்காலமானால் செல்லப்பா டீக்கடை பெஞ்சில் என் இடம் காலியாக இருக்கும், யாரும் உட்கார மாட்டார்கள். பெரிய வெள்ளத்தில் வைக்கோல் போர் மேல் ஒரு கறவை மாட்டோடு மிதந்து வந்த கதையை நான் சொல்லிக் கேட்க வேண்டும். வழியில் மாட்டைக் கறந்தேன், எதிரே ஒரு காப்பிக் கடை அடுப்போடு மிதந்து வந்தது, டிக்காஷன் வாங்கிக் கலந்து குடித்தேன். சர்க்கரை? சர்க்கரை வெள்ளத்தில் கரைந்துவிட்டதால் அந்த ஒரு வாய்தான் சப்பென்று இருந்தது. அதைச் சொல்லும்போது எல்லாரும் ஐயோ பாவம் என்பார்கள். சர்க்கரை இல்லாததற்குப் பாவம் என்பார்களே தவிர, அடுப்பு எப்படி மிதந்தது என்று ஒருத்தர் கேட்டதில்லை. அந்த மாதிரி மரியாதை தம்பி.

அந்த மரியாதைக்குத்தான் வாளி ரூபத்தில் ஆபத்து வந்தது.

மகன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறான். வீட்டில் நானும் மருமகள் மங்களமும்தான். அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். விற்றாள். வாசலில் போர்டு கிடையாது. காலையில் அவள் மூடியைத் திறந்தால் அந்த வாசனைக்கே பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். வெந்தயம் ஒரு பிடி கூடுதலாகப் போடுவாள். அவள் கைராசி எப்படி என்றால், மாவு பொங்கி ராத்திரியே தட்டைத் தள்ளிவிட்டு எட்டிப் பார்க்கும். இது கதை இல்லை. கதை என்றால் சொல்லிவிடுவேன்.

பாதாளச் சாக்கடைக்கு எங்கள் வீட்டில் இணைப்பு கொடுத்தபோது நகராட்சி ஆள் ஒருவர் வந்து இதை ஊற்றாதே, அதை ஊற்றாதே என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவில் எல்லாரும் தலையை ஆட்டினோம். மங்களம் ஒருத்திதான் அதைக் காதில் வாங்கினாள். "மாமா, நம்ம வீட்டுக் கஞ்சி ஒரு சொட்டு சாக்கடைக்குள்ள போகக் கூடாது. மாவு போய் உறைஞ்சா குழாய் அடைச்சுக்குமாம். பின் தெரு அஞ்சம்மா மாட்டுக்குக் குடுத்துடலாம்" என்றாள். அரிசி களைந்த தண்ணீர், உளுந்து கழுவிய தண்ணீர், கிரைண்டர் அலம்பிய தண்ணீர், விற்காமல் புளித்துப்போன மாவு, எல்லாம் ஒரு வாளியில் சேரும். கழுநீர் வாளி. சாயங்காலம் அதை அஞ்சம்மாள் கொட்டகைக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றிவிட்டு வர வேண்டும். யார்? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

நீங்களே சொல்லுங்கள். மருமகள் மாவரைக்கிறாள், மாமனார் கழுநீர் தூக்குகிறான். பார்க்க நன்றாகவா இருக்கிறது? முதல் நாளே செல்லப்பா கேட்டுவிட்டான்: "என்ன மேனேஜர் சார், வாளி நிறைய என்ன, புதுப் படத்து ரீலா?" பெஞ்சில் ஒரே சிரிப்பு. பூக்காரி ராஜாமணி வேறு, "நுரை தளும்புது மேனேஜரய்யா, பார்த்து நடங்க, இன்டர்வெல் விட்டுடப் போறாங்க" என்றாள். என் உடம்பு கூசிப்போயிற்று. வாளியின் கைப்பிடி நடக்க நடக்கக் கிரீச் கிரீச் என்று கத்தும். எவன் பார்க்காவிட்டாலும் அது கூப்பிட்டுக் காட்டும்.

எங்கள் தெரு முனையில் மூடிப்போன ரைஸ் மில் சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் மறைவில் ஒரு சாக்கடை மூடி. அதில் ஓரத்தில் ஒரு விள்ளல் உடைந்திருந்தது. வாளியைச் சாய்க்க அளவெடுத்துச் செய்த மாதிரி. உடைந்த மூடியை மாற்றாமல் விட்டது யார்? நானா? அந்த மூடி மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் நான் அஞ்சம்மாள் கொட்டகைக்கே போயிருப்பேன். தண்ணீர் போகத்தானே குழாய் போட்டிருக்கிறார்கள், இதுவும் தண்ணீர்தானே என்று ஊற்றினேன். ஊற்றிவிட்டுச் சுவர் மறைவில் கொஞ்ச நேரம் நின்று, கொட்டகைக்குப் போய் வருகிற நேரத்தைக் கழித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். "மாடு குடிச்சுதா மாமா?" என்பாள். "வாளியையே கடிச்சுது" என்பேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அஞ்சம்மாளிடம், எங்கள் வீட்டுக் கழுநீரை வேறு ஆளுக்குப் பேசிவிட்டோம் என்று சொல்லி வைத்தேன். அவள் அதற்கப்புறம் மங்களத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்தாள். "அஞ்சம்மாக்கா ஏன் மாமா பேச மாட்டேங்குது? தினம் தண்ணி அனுப்பறோமே" என்று மங்களம் கேட்டாள். மாடு வளர்க்கிறவர்களுக்குக் கர்வம் ஜாஸ்தி அம்மா என்றேன்.

ஒரு கோடை முழுக்க இது நடந்தது. சித்திரை வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பூமிக்கடியில் அத்தனை மாவு. அதுவும் யார் கை மாவு? வேறு எவள் அரைத்ததாக இருந்தாலும் பேசாமல் கிடந்திருக்கும் தம்பி. மங்களம் அரைத்த மாவு, அதுதான் வினை. ஒருநாள் விடிந்து பார்த்தால் அந்த விள்ளல் வழியாக வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி வெளியே வந்து நிற்கிறது. பானை பொங்கினால் எப்படி இருக்கும், அப்படி. மூடியே லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

ராஜாமணிதான் முதலில் பார்த்தாள். கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் போய் எட்டிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஒருத்தி, "மேனேஜர் தாத்தா, நீங்க பழைய ஆளு, இது என்ன தாத்தா?" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சொன்னேனே, முந்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும் என்று. "இது தெரியாதா உங்களுக்கு?" என்றேன். "இந்த இடத்துல அம்மன் கிணறு இருந்துது. அந்தக் காலத்துல இந்தத் தண்ணியில பொங்கினாத்தான் பொங்கல் பொங்கும். கிணத்தைத் தூர்த்துட்டு மேல மில்லைக் கட்டினான், மில்லு உருப்பட்டுதா? இப்ப யாரும் பொங்கல் வைக்காததால, அவளே பொங்கிக்கிறா."

மில் மூடினது எல்லாருக்கும் தெரியும். அதனால் கிணறும் உண்மையாகிவிட்டது.

சாயங்காலத்துக்குள் மூடிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாகிவிட்டது. ராஜாமணி ஒரு சரம் கட்டிப் போட்டாள். வெள்ளிக்கிழமை சிவப்புத் துணி வந்தது, மேலே தகரக் கூரை வந்தது, ஸ்பீக்கர் வந்தது. பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என்னைக் கூப்பிட்டு முதல் தீபாராதனை எனக்குக் காட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்தி என்று நினைத்தார்கள். வாசனை தம்பி. சாம்பிராணியையும் மீறி வெந்தய வாசனை.

இடையில் ஊற்றுவதை நிறுத்தினேனா என்று கேட்கிறீர்களா? அம்மன் மேல் ஊற்றுவேனா? வேறு மூடி பார்த்துக்கொண்டேன்.

அப்புறம்தான் தண்ணீர் போகாமல் நின்றது. எங்கள் தெரு சரிவு, எங்கள் வீடு கடைசி. மேலே இருக்கிற வீட்டுக்காரர்கள் விட்டதெல்லாம் போக வழியில்லாமல் எங்கள் கொல்லையில் மேலே வந்தது. மங்களத்தின் கிரைண்டர் இருக்கிற இடம். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாரி வாரி இறைத்தாள். இறைக்க இறைக்க வந்தது. பினாயில் ஊற்றினாள், கல்லுப்பு போட்டாள். மாவு வாங்க வந்தவர்கள் வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். "நம்ம வீட்டுலேர்ந்து ஒரு சொட்டு விடலையே மாமா, நமக்கு ஏன் இப்படி?" என்று என்னைத்தான் கேட்டாள். அவளேதான் போன் போட்டு நகராட்சிக்குச் சொன்னாள்.

வண்டி வந்தது. குழாயில் தண்ணீரைப் பீச்சி அடைப்பு எடுக்கிற பெரிய வண்டி. கூடவே ஒரு இன்ஜினியர் பொண்ணு, சின்ன வயசு. அடைப்பு அந்த மூடிக்குக் கீழேதான் என்று பார்த்த உடனே சொல்லிவிட்டது. ஆனால் யார் திறக்க விடுவார்கள்? ராஜாமணி மூடிமேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்மன் மேல கை வச்சுப் பாரு, நடக்கிறதே வேற!" வண்டி டிரைவரே செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பொண்ணு பொறுமையாகத்தான் சொல்லிற்று. "பாதாளச் சாக்கடையில விடக் கூடாததுன்னு இருக்கும்மா. சமையல் எண்ணெய் விடக் கூடாது, கஞ்சி, மாவு, சாணி விடக் கூடாது, முடி, துணி, சாயத் தண்ணி, ஆசிட், கொதிக்கிற தண்ணி எதுவும் விடக் கூடாது. யாரோ மாவு விட்டிருக்காங்க. அது புளிச்சுப் பொங்குது." செல்லப்பா, "இதெல்லாம் விடக் கூடாதுன்னா அப்புறம் சாக்கடை எதுக்கு மேடம், அழகு பார்க்கவா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பொண்ணு என் பக்கம் திரும்பிற்று. "ஐயா, நீங்கதான் அம்மன் கிணறுன்னு சொன்னீங்களாம். நிஜமாவே கிணறு இருந்துதா? நீங்க சொன்னா இவங்க கேப்பாங்க. உள்ள வாயு சேர்ந்திருக்கு, கடைசி வீட்டுல பாவம் ஒரு அம்மா நரகல்ல நிக்கிறாங்க."

கடைசி வீடு என் வீடு. அந்த அம்மா என் மருமகள். அது அந்தப் பொண்ணுக்குத் தெரியாது.

தெருவே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. கிணறும் இல்லை, ஒன்றும் இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். பெஞ்சில் என் இடம் தெரிந்தது. கடைசியில் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மன் இன்னும் உத்தரவு குடுக்கலை மேடம்."

அப்போதுதான் மங்களம் வந்தாள். கணுக்கால் வரை சேறு, கையில் முறம். பேசாமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மூடிக்குப் பக்கத்தில் குந்தினாள். நுரையை ஒரு விரலால் எடுத்து மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். தன் மாவு ஒரு பொம்பளைக்குத் தெரியாதா? நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"மாமா, அஞ்சம்மாக்கா மாட்டுக்குத் தினம் தண்ணி போகுதுல்ல?"

"போகுதும்மா" என்றேன்.

அஞ்சம்மாள் அங்கேயே நின்றாள் தம்பி. சாணிக் கையோடு. "எங்கடி போகுது, நீங்கதான் வேற ஆளுக்கு" என்று ஆரம்பித்தாள். மங்களம் எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அழுத்திப் பிடித்த பிடியில் அஞ்சம்மாள் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் என் மருமகள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"மேடம், இது என் வீட்டு மாவு. நான்தான் ஊத்தினேன். சாமியெல்லாம் இல்லை. மூடியைத் திறங்க."

அவ்வளவு பேச்சு பேசினார்கள். சாமி என்று கும்பிட வைத்தாயே என்றார்கள். மாவு விற்கிறவளுக்கு இவ்வளவு திமிரா என்றார்கள். இந்த நுரையைக் குழந்தை நெற்றியில் பூசினேனேடி என்று ஒருத்தி மண்ணை வாரி இறைத்தாள். ராஜாமணி, "அந்த நல்ல மனுஷன் வீட்டுக்கு இப்படி ஒருத்தி வந்து வாச்சாளே" என்று என்னைக் காட்டிப் பரிதாபப்பட்டாள். நான் என்ன செய்தேன்? துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதையும் அழுகை என்று நினைத்து இரண்டு பேர் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன் தம்பி. சர்க்கரை தூக்கலாகப் போட்டிருந்தான்.

மூடியைத் திறந்தார்கள், அடைப்பை எடுத்தார்கள், புது மூடி போட்டார்கள். அதற்கும் சில பேர் வெள்ளிக்கிழமை ஒரு பூ வைத்துவிட்டுத்தான் போகிறார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. மாவு வாங்கத்தான் ஒருத்தரும் வரவில்லை. சாக்கடை மாவு என்று பெயர் வந்துவிட்டது. கொஞ்ச நாள் பார்த்தாள். அப்புறம் கிரைண்டரைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆடுதுறையில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கு வருத்தம் எதில் என்றால், அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. நீங்களே சொல்லுங்கள், திட்டியிருக்கலாமா இல்லையா? கிழவா, உன்னால் என் பிழைப்பு போயிற்று என்று கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மூடி உடைந்திருந்ததைச் சொல்லியிருப்பேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "மாமா, ரசம் மூடி வச்சிருக்கேன். சூடு பண்ணிக்குங்க." அப்படிச் செய்யலாமா ஒரு மனுஷனை?

மகன் மஸ்கட்டிலிருந்து போன் பண்ணினான். "ஏம்ப்பா, மங்களம் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா, என்னப்பா நடந்துச்சு?" என்றான். "உன் பொண்டாட்டிக்குக் கோவம் ஜாஸ்திடா" என்றேன். சொல்லிவிட்டு போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பப் போட்டுச் சொல்லலாம் என்றுதான். எந்தப் பட்டன் என்று தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கே கதை விட ஆரம்பித்துவிட்டேன் பாருங்கள்.

டீக்கடைக்கு இப்போது போவதில்லை. போனால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். அதுதான் போக முடியவில்லை.

இந்த வாளி கொல்லையில் துவைக்கிற கல் மேல் கவிழ்த்து வைத்திருந்தது. போகிற அன்றைக்குத் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இன்றைக்குக் காலையில் எடுத்தேன். கைப்பிடியில் எண்ணெய் விட்டிருக்கிறாள் தம்பி, அந்தக் கிரீச் சத்தம் இல்லை. நான் அவளிடம் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னதே இல்லை. ஆடுதுறையிலும் யாராவது மாடு வைத்திருப்பார்கள், தினம் கழுநீர் கொண்டுபோய் ஊற்ற ஆள் வேண்டும். அந்த வேலையை எனக்கே கொடு என்று கேட்கலாம் என்று புறப்பட்டேன். தெருவில் யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்று துண்டைப் போட்டு மூடிக்கொண்டு சந்து சந்தாகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அவளைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று வரவில்லை. நல்ல கதையாக வருகிறது. அம்மன் கனவில் வந்து கூட்டிவரச் சொன்னாள் என்று ஒன்று வந்திருக்கிறது, அருமையான கதை...

இருங்கள். கோவிந்தபுரம் தாண்டிவிட்டதா? கண்டக்டர் வருகிறார்.

என்ன கண்டக்டர் சார்? கையை நீட்டுகிறீர்கள்? தீர்த்தமா. பெண்ணுக்கு நாளைக்குப் பரீட்சையா. நீங்கள் என்னம்மா? குழந்தைக்குக் காய்ச்சலா. ஏன் எல்லாரும் எழுந்து வருகிறீர்கள்? உட்காருங்கள். பஸ் ஆடுகிறது, உட்காருங்கள்.

இதோ, துண்டை எடுக்கிறேன். பாருங்கள். நன்றாகக் குனிந்து பாருங்கள். காலி. தீர்த்தம் இல்லை. மகாமகக் குளம் இல்லை. இது கழுநீர் வாளி. மாட்டுக்கு ஊற்றச் சொல்லி என் மருமகள் கொடுத்தாள். நான் சாக்கடையில் ஊற்றினேன். அவள் ஊற்றினதாகச் சொன்னாள், நான் சும்மா இருந்தேன். அவ்வளவுதான் இதில் இருக்கிறது.

சிரிக்கிறார்கள் தம்பி. கொடுக்க மனசில்லாமல் கதை விடுகிறேனாம். அந்தம்மா பாருங்கள், வாளிக்குள் கையை விட்டு, அடியைத் தொட்டுக் குழந்தை கண்ணில் ஒற்றுகிறது. வேண்டாம்மா. அம்மா, சொன்னால் கேளுங்கள், வேண்டாம். தம்பி, நீங்களாவது சொல்லுங்கள் இவர்களிடம். அத்தனையும் கேட்டுக்கொண்டுதானே வந்தீர்கள்.

ஆடுதுறையா? இறங்கணும், இறங்கணும், விசில் கொடுங்கள்.

வாளியை எடுத்துக் கொடுங்கள் தம்பி. துண்டா? மூடாதீர்கள். வேண்டாம். அப்படியே கொடுங்கள்.